பௌதிகவியல் துறையில் இருந்துகொண்டு பல்கலைக்கழகக் கற்பித்தலையே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யலாமா?

மஸ்கெலியா_மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பௌதிகவியல் துறையில் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பைத் தொடங்கி, உயர்தரத்தை ஹற்றனில் தமிழ் மொழிமூலத்தில் முடித்து, சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்புப் பெற்றவள். முதுதத்துவமாணி (எம்.பில்) பட்டத்துக்குப் பதிவுசெய்து, பின்னர் அதைக் கலாநிதிப் பட்டத்துக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது எண்ணம்.

எனக்கு முன்னால் இரண்டு தலைப்புகள் இருக்கின்றன. சூரியக் கலங்களுக்கான மெல்லிய படலங்கள் பற்றிய ஆய்வில் சேருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் அழைத்திருக்கிறார். அவரிடம் ஆய்வுகூடமும் நிதியும் இருக்கின்றன. மற்றையது, முதலாம் வருடச் செய்முறை வகுப்புகளை நடத்தும்போது எனக்குள் எழுந்த கேள்வி. அதற்கு இதுவரை மேற்பார்வையாளர் எவரும் இல்லை.

அந்தக் கேள்வியை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். தனி ஊசல் பரிசோதனையில் ஒரு மாணவர் நீளத்துக்கு எதிராக அலைவு காலத்தின் வர்க்கத்தை வரைபாக்கி, படித்திறனை (கோட்டின் சாய்வை) கண்டு, ஈர்ப்பு ஆர்முடுகலை வழுவோடு சேர்த்துக் கணித்திருந்தார். வரைபில் குறை சொல்ல எதுவுமில்லை. அடுத்த பக்கத்தில் ‘கலந்துரையாடல்’ என்ற தலைப்பின் கீழ், காற்றுத் தடையைப் பற்றிய மூன்று ஆங்கில வாக்கியங்கள் இருந்தன. சென்ற வருட அறிக்கை ஒன்றிலிருந்து, அதிலிருந்த எழுத்துப் பிழை உட்பட, அப்படியே இறக்கப்பட்டவை அவை. “கோடு ஏன் உற்பத்தியூடாக, அதாவது அச்சுகள் சந்திக்கும் பூச்சியப் புள்ளியூடாக, போகவில்லை?” என்று தமிழில் கேட்டேன். நூலின் நீளத்தை மட்டும் அளந்து குண்டின் ஆரையைச் சேர்க்காமல் விட்டதால்தான் என்றும், ஆனால் அது படித்திறனைப் பாதிக்காது என்றும் தயங்காமல் சொன்னார். அந்த அறிக்கைக்குக் கலந்துரையாடல் பகுதியில் கிடைத்த புள்ளி மிகக் குறைவு. கொடுத்தவளும் நான்தான், ஏனென்றால் புள்ளித்திட்டம் அப்படி.

தமிழ் மொழிமூலத்திலும் சிங்கள மொழிமூலத்திலும் உயர்தரம் படித்தவர்கள் ஆங்கிலத்தில் பௌதிகவியலைக் கற்கும் அந்த முதல் வருடத்தில் என்னதான் நடக்கிறது என்பதை ஒழுங்காக ஆராய விரும்புகிறேன். துறையில் இதைச் சொன்னபோது, “அது கல்வியியல், பௌதிகவியல் அல்ல, அதைச் செய்தால் நிரந்தரப் பதவியை மறந்துவிட வேண்டியதுதான்” என்று ஒருவர் சொன்னார். இது உண்மையா? இப்படி ஓர் ஆய்வைச் செய்து கல்விப் பணியில் நிலைத்தவர்கள் இருக்கிறார்களா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மகாவலிக்கரை எழுதியது:

அன்புத் தங்கைக்கு, வேறொரு பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் சிரேஷ்ட விரிவுரையாளராக இருக்கிறேன். உங்களிடம் அப்படிச் சொன்னவர் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு.

தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு, அதாவது நிரந்தரப் பதவியின் முதற்படிக்கு, நேர்முகத் தேர்வு நடக்கும்போது முதலில் பார்க்கப்படுவது உங்கள் முதல் பட்டமும் அதன் வகுப்பும்தான். கலாநிதிப் பட்டம் அந்தப் படியில் கட்டாயமல்ல. அந்தப் பதவியில் அமர்ந்த பிறகு 8 ஆண்டுகளுக்குள் உரிய பட்டப்பின் தகுதியைப் பெற்றுப் பதவியை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே ஆய்வுத் தலைப்பு உங்களைத் தடுக்கக்கூடிய இடம் வாசற்படி அல்ல, அதைத் தாண்டி உள்ளே வந்த பிறகு வரும் உறுதிப்படுத்தலும் பதவி உயர்வுமே. பட்டம் நீங்கள் கற்பிக்கும் துறையோடு பொருந்துகிறதா என்ற கேள்வியை அங்கே யாராவது ஒருவர் கேட்டே தீருவார். கேட்பவர் எப்போதும் நல்லெண்ணத்தோடுதான் கேட்பார் என்று நான் உறுதி தரமாட்டேன்.

பேராசிரியர் பதவி வரை நீங்கள் சந்திக்கப்போகும் புள்ளித்திட்டத்தில் கற்பித்தலுக்கும் கல்வி அபிவிருத்திக்குமான பங்களிப்பு ஒரு தனிப் பிரிவு. ஆய்வும் ஆக்கமும் மற்றொரு பிரிவு. அறிவைப் பரப்புதல், பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றும் சேவை ஆகியன மூன்றாவது பிரிவு. தாளில் கற்பித்தலுக்கு இடம் இருக்கிறது. ஆனால் துறைக் கூட்டத்தில் பெருமையோடு பேசப்படுவது எது என்பது உங்களுக்கே தெரியும். நல்ல ஆய்வாளர் தானாகவே நல்ல ஆசிரியராகிவிடுவார் என்ற நம்பிக்கை எங்கள் பீடங்களில் வேரூன்றிக் கிடக்கிறது. ஹட்டி, மார்ஷ் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் 1996இல் 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆய்வுத் திறனுக்கும் கற்பித்தல் திறனுக்கும் இடையில் அவர்களுக்குக் கிடைத்த இணைபுக் குணகம் 0.06 மட்டுமே. அதாவது ஏறத்தாழத் தொடர்பே இல்லை. இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, அடுத்த விடயத்துக்குப் போகலாம் என்றார் தலைமை தாங்கியவர்.

என் ஆலோசனை இதுதான்: படலங்களை எடுங்கள். நிதி இருக்கிறது, மேற்பார்வையாளர் இருக்கிறார், பரீட்சகர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. மற்றைய கேள்வியைக் கைவிடச் சொல்லவில்லை. பதவி உறுதியான பிறகு அது உங்கள் சொந்த ஆய்வாகட்டும், அப்போது எவரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது.


பனிநாட்டு_மலையகன் எழுதியது:

மகாவலிக்கரை அண்ணன் சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனால் “பிறகு செய்யலாம்” என்று ஒத்திவைத்த ஆய்வுகளில் எத்தனை பிறகு செய்யப்பட்டன என்று அவரிடமே கேட்க விரும்புகிறேன். நான் பதுளைப் பக்கத்தவன். இப்போது ஐரோப்பாவில் விஞ்ஞானக் கல்வி தொடர்பான கலாநிதிப் பட்ட ஆய்வில் இருக்கிறேன்.

முதலில், “அது பௌதிகவியல் அல்ல” என்ற வாதம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மக்டேர்மற் 1970களிலிருந்து நடத்திய பௌதிகக் கல்விக் குழு இயங்கியது பௌதிகவியல் துறைக்குள்ளேயே. மாணவர்கள் விசையையும் மின்சுற்றையும் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்து அங்கே கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் பௌதிகவியலில்தான் அதைப் பெற்றார்கள். அமெரிக்கப் பௌதிகவியல் சங்கம் 1999இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், இவ்வகை ஆய்வுக்குப் பௌதிகவியல் துறைகளுக்குள்ளேயே இடம் கொடுக்கப்பட வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. 2005இல் தனது பிசிக்கல் ரிவியூ ஆய்விதழ் வரிசையிலேயே இதற்கென ஓர் இதழையும் தொடங்கியது. உங்கள் துறைத் தலைவரைச் சந்திக்கப் போகும்போது இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். பௌதிகவியலாளர்களைச் சம்மதிக்க வைக்கப் பௌதிகவியலாளர்களின் சங்கத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்து, உங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய ஆய்வு ஒன்று சுவீடனில் நடந்திருக்கிறது. உப்சாலாவில் ஜோன் ஏரி என்பவர், சுவீடிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் விரிவுரைகளைக் கேட்ட பௌதிகவியல் மாணவர்களை ஆராய்ந்தார். மொழி மாறியதால் பெரிய வேறுபாடு எதையும் உணரவில்லை என்றே மாணவர்கள் முதலில் சொன்னார்கள். விரிவுரையின் காணொளித் துண்டுகளை அவர்களுக்கே போட்டுக் காட்டி, “இந்த இடத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டபோதுதான் மற்றது வெளியே வந்தது. ஆங்கில விரிவுரையில் அவர்கள் கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் குறைந்திருந்தன. குறிப்பெடுப்பதிலேயே கவனம் போய், சொல்லப்படுவதைத் தொடர முடியாமல் போனவர்களும் இருந்தார்கள். ஏரியும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த லின்டரும் இதை 2006இல் வெளியிட்டார்கள். ஏரியின் கலாநிதிப் பட்ட ஆய்வு 2009இல் நிறைவடைந்தது. சுவீடனின் மாணவர்கள் சிறுவயதிலிருந்தே ஆங்கிலம் கேட்டு வளர்பவர்கள். அவர்களுக்கே அப்படியென்றால், சாமிமலையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு எப்படி என்ற கேள்விக்கு ஒரு கலாநிதிப் பட்டம் தாராளமாகத் தகும்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் ஆய்வு தவறான பாதையில் போகக்கூடிய இடம் அதுதான். 1970களில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில், நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் சித்தியடையாமல் போவதையும் சீன வம்சாவளி மாணவர்கள் சிறப்பாகச் செய்வதையும் யூரி ட்ரைஸ்மன் கவனித்தார். காரணம் என்னவென்று ஆசிரியர்களிடம் விசாரித்தபோது ஊக்கமின்மை, பாடசாலையில் போதிய அடிப்படை இல்லாமை, குடும்பத்தின் ஆதரவின்மை, வறுமை என்றே பதில்கள் வந்தன. அவர் அந்தப் பதில்களை ஏற்றுக்கொண்டு ஒரு வினாக்கொத்தைத் தயாரிக்கவில்லை. மாணவர்களோடு மாதக்கணக்கில் கூடவே இருந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் எவையும் நிற்கவில்லை. சீன மாணவர்கள் தனியாகக் கணக்குகளைச் செய்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினார்கள். கறுப்பின மாணவர்களோ கடுமையாக உழைத்தும் தனியாகவே படித்தார்கள். படிப்பு வேறு, நட்பு வேறு என்று பிரித்து வைத்திருந்தார்கள். ட்ரைஸ்மன் அதன்பின் தொடங்கிய பயிற்சி வகுப்புகள் பின்தங்கியோருக்கான மீட்பு வகுப்புகளாக இருக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூடிச் செய்ய வைத்த வகுப்புகள் அவை. அவற்றில் சேர்ந்தவர்களின் பெறுபேறுகள் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன.

எங்கள் பக்கத்தில் இதே கேள்வியை ஆசிரியர்களிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று ஊகிப்பது கடினமல்ல. உங்கள் ஊசல் மாணவருக்குப் பௌதிகவியல் தெரிந்திருந்தது, ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்கும். அவர் அந்த மூன்று வாக்கியங்களை யாரிடமிருந்து பெற்றார், எப்போது, எந்த விடுதி அறையில், அதைக் கொடுத்த சிரேஷ்ட மாணவர் “இதை எழுதினால் போதும்” என்று ஏன் நம்பினார் என்று தேடிப்போனால் ஆய்வு அங்கே தொடங்குகிறது.


சுற்றுநிருபம்_பார்த்தவர் எழுதியது:

நான் பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருந்து ஓய்வுபெற்றவன். ஆய்வின் நன்மை தீமை பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, கோப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தற்காலிக நியமனத்துக்குக் கற்கை விடுமுறை உரிமை இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் ஆய்வுகூடத்துக்குள் போவதற்கும் மாணவர்களைச் சந்திப்பதற்கும் உங்களுக்கிருக்கும் வசதியும் முடிந்துவிடும். எனவே எந்தத் தலைப்பானாலும் பட்டப்பின் பதிவை முதலில் செய்து, உயர்பட்ட மாணவி என்ற அடையாளத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டத்திலும் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்திலும் இருக்கின்றன. பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணிப் பட்டம் 9ஆம் மட்டம். ஆய்வோடு கூடிய முதுமாணி 10ஆம் மட்டம். “எல்லாம் ஒன்றுதான்” என்று யாராவது சொல்லி 9ஆம் மட்டத்தில் சேர்த்துவிட்டால் பிறகு உறுதிப்படுத்தல் நேரத்தில் அழ வேண்டி வரும். பார்த்திருக்கிறேன்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பிணைமுறியைப் பற்றி இப்போதே வீட்டில் பேசுங்கள். நிரந்தர விரிவுரையாளராகிக் கற்கை விடுமுறையில் போகிறவர், திரும்பி வந்து குறித்த காலம் சேவை செய்வதாகவும், தவறினால் பணத்தைத் திருப்பிச் செலுத்துவதாகவும் ஒப்பந்தம் எழுத வேண்டும். அதற்குப் பிணையாளர்கள் கையொப்பமிட வேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் உள்ள குடும்பங்களில் அரச உத்தியோகத்தில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். கொழுந்து பறிக்கும் தாயும் தொழிற்சாலையில் வேலை செய்யும் தந்தையும் உள்ள வீட்டில் அந்த மாமாவை எங்கே தேடுவது? என் மேசைக்கு முன்னால், புலமைப்பரிசில் கடிதம் கையில் இருக்க, பிணைக்கு ஆள் இல்லாமல் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். கடைசியில் அவருடைய பழைய பாடசாலை அதிபர் கையொப்பமிட்டார். கல்வித் தொழிலில் முன்னேற்றம் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.


நாணுஓயா_ஆசிரியர் எழுதியது:

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். எங்கள் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை குறைவு. அவற்றிலும் நான்கு பாடங்களுக்கும் ஆசிரியர் முழுமையாக இருக்கும் வருடம் அரிது.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பதால், உங்கள் ஆய்வை வாசிக்கும் சிலர் “குறைந்த வெட்டுப்புள்ளியில் வந்தவர்கள், அதுதான் காரணம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்கு நீங்களே சான்று சேர்த்துக் கொடுத்தவராகிவிடக் கூடாது என்பதுதான் என் பயம். தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் எடுத்து ஆராயாதீர்கள். சிங்கள மொழிமூலத்தில் வந்த மொனராகலைப் பிள்ளையும் அதே மூன்று வாக்கியங்களைத்தான் இறக்குகிறாரா என்று பாருங்கள்.


மஸ்கெலியா_மகள் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அதிபரின் கையொப்பத்தைப் பற்றி வாசித்தபோது சிறிது நேரம் மேலே வாசிக்க முடியவில்லை.

பேராசிரியரிடம் நேரே பேசினேன். பௌதிகவியலில் பதிவு, கல்வியியல் துறையிலிருந்து இணை மேற்பார்வையாளர் ஒருவர், என்ற ஏற்பாட்டுக்கு அவர் கதவைச் சாத்தவில்லை. பல்கலைக்கழக மூதவைக்கு (செனற்) போகுமுன் ஒரு முன்மொழிவை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். நாணுஓயா ஆசிரியர் ஐயா சொன்னபடி இரு மொழிமூல மாணவர்களையும் சேர்க்கப்போகிறேன். என் சிங்களம் பேட்டிக்குப் போதுமா என்பதுதான் கவலை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த மாணவர்களின் அறிக்கைகளுக்குப் புள்ளி போடுபவள் நானே. அவர்களிடமே போய், “இதை எங்கிருந்து பார்த்து எழுதினீர்கள்?” என்று எப்படிக் கேட்பது?


மகாவலிக்கரை எழுதியது:

பேராசிரியர் சம்மதித்தால் நான் தடுக்கமாட்டேன். பரீட்சகர் விடயத்தை மட்டும் இப்போதே பேசி, வெளிநாட்டிலிருந்து ஒருவரை நியமிக்க வழி உண்டா என்று கேட்டுவையுங்கள். சிங்களப் பேட்டிகளை உங்கள் தொகுதித் தோழி ஒருவரோடு சேர்ந்து நடத்தலாம். அவருக்குக் கட்டுரையில் பெயர் கொடுங்கள், வெறும் நன்றியுரையில் தள்ளிவிடாதீர்கள்.


பனிநாட்டு_மலையகன் எழுதியது:

புள்ளி போடுபவரே பேட்டி எடுப்பதை எந்த ஒழுக்கநெறிக் குழுவும் இலகுவில் விடாது, விடவும் கூடாது. ஆய்வு நடக்கும் தவணையில், நீங்கள் ஆராயும் மாணவர் குழுக்களின் அறிக்கைகளை வேறொருவர் திருத்தட்டும். நீங்கள் வேறு மாணவர் குழுக்களுக்குப் புள்ளி போடுங்கள். ஆய்வில் சேரும்படி அழைப்பதும் சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்குவதும் துறைக்கு வெளியே உள்ள ஒருவரின் பொறுப்பாகட்டும். படிவம் மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும். யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்பது தவணைப் பெறுபேறுகள் வெளியாகும் வரை உங்களுக்கே தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. அதற்குப் பிறகு அவர்களின் அறிக்கையை மேசையில் விரித்து வைத்து, ஏரி காணொளியைக் காட்டியதுபோல, “இந்தப் பந்தியை எழுதிய நேரத்தைச் சொல்லுங்கள்” என்று தொடங்குங்கள். “எங்கே பார்த்து எழுதினீர்கள்?” என்பது விசாரணைக் கேள்வி. மற்றது அவரைப் பேச விடும் கேள்வி.

பேட்டியை மாணவர் விரும்பிய மொழியில் நடத்துங்கள், நடுவில் மொழி மாறினால் தடுக்காதீர்கள். மாறும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலை முன்மொழிவு எழுதும்போது எவருக்கும் கண்ணில் படுவதில்லை. ஒரு மணி நேரப் பேச்சு பல மணி நேரத்தை விழுங்கும், மொழி கலந்திருந்தால் இன்னும் கூடும். அதற்கான காலத்தையும், முடிந்தால் ஓர் உதவியாளருக்கான கொடுப்பனவையும் இந்த முன்மொழிவிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.